கொத்தனாரும் கண்டிராக்டரும்

தமிழ்நாட்டில் வீடு கட்டிப் பார்த்தவர் யாவரும் ஒரு விஷயத்தை அறிவர். சுவர் நேராக நிற்பது தூக்குக்குண்டு பிடிக்கும் கொத்தனாரால். தளம் ஒழுகாமலிருப்பது கலவையின் பக்குவம் தெரிந்த மேஸ்திரியால். ஆயினும் வீட்டுக்காரரோடு உடன்படிக்கை செய்துகொள்பவர் வேறொருவர். தவணைப் பணம் வாங்குபவர் வேறொருவர். கட்டடம் முடிந்தபின் இதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் விடையாகச் சொல்லப்படும் பெயரும் வேறொருவருடையதே. முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை, முப்பதாம் வருஷத்திலும் சனிக்கிழமை மாலைக் கூலிக்காகவே நீள வேண்டியிருக்கிறது. கைத்தொழிலில் தேர்ந்த ஒருவர் அத்தொழிலையே நடத்தும் கண்டிராக்டராக உயர்வது நம் நாட்டில் ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது? இக்கேள்வியை வாசகர்கள் முன் வைப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

இது சில தனி மனிதர்களின் முன்னேற்றத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. விவசாயத்துக்குப் புறம்பாக நம் தேசத்தில் மிக அதிகமான ஜனங்களுக்கு ஜீவனம் கொடுக்கும் தொழில்களில் கட்டட வேலை ஒன்று. மழை பொய்த்துக் கிராமத்தை விட்டு வருகிறவனுக்குப் பட்டணத்தில் முதலில் கிடைப்பது மண் சுமக்கும் வேலை. அவன் நிமிந்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, பிறகு மேஸ்திரியாகிறான். அதற்கு மேல் ஏணியில் படியே இல்லை. ஒரு தொழிலில் புகுந்தவன் எவ்வளவு திறமை காட்டினாலும் ஒரு வரம்புக்குமேல் போக முடியாது என்றால், அத்தொழிலில் திறமை வளராது, நாணயமும் வளராது. தன் மகன் கரண்டியைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு கொத்தனாரும் எண்ணுவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. இந்த அடைபட்ட கதவும்தான்.

கொத்தனார்களுக்குப் படிப்பு இல்லை, பெரிய காரியத்தை ஏற்று நடத்தும் சக்தி இல்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற தச்சர், ராஜராஜப் பெருந்தச்சன் என்று அரசனின் பெயராலேயே பட்டம் பெற்று விளங்குகிறார். மயமதம் என்ற சிற்ப நூல், கட்டட வேலைக்குரியவர்களை ஸ்தபதி, ஸூத்ரகிராஹி, தக்ஷகர், வர்த்தகி என்று நால்வராகப் பிரித்து, நால்வரிலும் தலைமையை ஸ்தபதிக்குக் கொடுக்கிறது. அவருக்கு அடுத்தவர் அவருடைய புத்திரரோ சிஷ்யரோ ஆக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதாவது தொழிலைக் கையால் கற்றவரே தொழிலின் தலைவர். அவரிடம் கற்றவரே அவருக்குப்பின் தலைவர். நம் காலத்திலேயே, கன்னியாகுமரியில் 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி இந்தப் பரம்பரையில் வந்தவர். 2000-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி திறந்து வைக்கப்பட்ட அச்சிலை, உளி பிடித்தவர் பெரிய காரியத்தை நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்குக் கடல் நடுவே நிற்கும் பதில்.

அப்படியிருக்க, கை ஒரு பக்கமும் அதிகாரம் மற்றொரு பக்கமுமாகப் பிரிந்தது எப்போது? டல்ஹௌஸி பிரபு 1854-ம் வருஷத்தில் மராமத்து இலாகாவை ஏற்படுத்தினார். சாலைகளும் பாலங்களும் கச்சேரிகளும் இலாகாவின் மேற்பார்வையில் எழும்பலாயின. எஸ்டிமேட் இங்கிலீஷில், நிபந்தனைகள் இங்கிலீஷில், அளவுப் புஸ்தகமும் இங்கிலீஷில். வேலை எடுப்பவர் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். பில் பட்டுவாடா ஆகும்வரை சொந்த முதலைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் தகுதியுள்ளவர் கையில் பணமுள்ளவரே ஆவார். சென்னை நகரில் 1892-ல் முடிவு பெற்ற ஹைகோர்ட் கட்டடத்தையும், விக்டோரியா பப்ளிக் ஹாலையும் கட்டிய தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் மகா திறமைசாலி. இந்தியர் ஒருவர் அத்தகைய பெரிய வேலைகளை ஏற்று நடத்தியது அக்காலத்தில் நமக்குப் பெருமை. அதில் ஐயமில்லை. ஆனால் அவர் வந்தது வர்த்தகத்தின் வழியாக. கரண்டியின் வழியாக அல்ல. அக்கட்டடங்களின் செங்கல் வேலைப்பாட்டைக் கண்டு இன்றும் வியக்கிறோம். அந்தச் செங்கல்லை அடுக்கிய கொத்தனார் ஒருவரின் பெயரையாவது நம்மில் யாராலும் சொல்ல முடியுமா?

அன்னிய ஆட்சி 1947-ல் போயிற்று. இந்த முறை போகவில்லை. இன்று சர்க்கார் வேலையை எடுக்க விரும்புகிறவர் கண்டிராக்டராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொத்து மதிப்புச் சான்று காட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். முந்திய வருஷங்களில் இவ்வளவு தொகைக்கு வேலை முடித்ததாக அத்தாட்சி கொடுக்க வேண்டும். டெண்டர்களில் ஒளிவு மறைவு இருக்கலாகாது என்று தமிழ்நாட்டில் 1998-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. நல்ல சட்டம், ஆனால் கதவு கண்ணாடியாக இருப்பதால் மட்டும் அது திறந்திருப்பதாக ஆகாது. பெரிய கண்டிராக்டரிடம் துண்டு வேலை எடுத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தை அஸ்திவாரம் முதல் கைப்பிடிச் சுவர் வரையில் கட்டி முடித்த மேஸ்திரி, அந்த வேலையைத் தன் அனுபவமாகக் காட்ட முடிவதில்லை. காகிதத்தில் அவர் இல்லை. கட்டியது அவர், அனுபவம் சம்பாதித்தவர் மற்றவர்! அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு அனுபவம் இல்லை. இந்த வட்டத்துக்குள் நுழைய வழி எது?

எனவே மேஸ்திரி தனியார் வீட்டு வேலையையே நாடுகிறார். முதலில் கூலிக் கண்டிராக்ட். சாமான் எல்லாம் வீட்டுக்காரருடையது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் மேஸ்திரிக்கு. இதில் நாலு வீடு கட்டி நல்ல பெயர் வாங்கியதும், சாமானையும் சேர்த்து மொத்தமாக முடித்துக் கொடுங்கள் என்று ஒருவர் வருகிறார். மேஸ்திரிக்கு நெஞ்சு பூரிக்கிறது. அன்று முதல் தாம் கண்டிராக்டர் என்று எண்ணுகிறார். அவர் ஏறியது ஒரு படி என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அவர் வேறொரு தொழிலுக்குள் காலடி வைத்திருக்கிறார். பழைய தொழில் செங்கல்லையும் சாந்தையும் பற்றியது. புதிய தொழில் பணத்தையும் காலத்தையும் பிறர் பொறுப்பையும் பற்றியது. இந்த வித்தியாசத்தை அவருக்கு எடுத்துச் சொல்வார் யாருமில்லை. அனேக மேஸ்திரிகள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வீடு ஒன்றை ரூ. 20,00,000-க்கு முடித்துத் தருவதாக மேஸ்திரி ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று வைப்போம். சிமென்டு, கம்பி, செங்கல், மணல், ஜல்லி, மரம் முதலிய சாமானுக்கு ரூ. 12,00,000, ஆள் கூலிக்கு ரூ. 6,00,000. மீதி ரூ. 2,00,000 லாபம் என்று அவர் மனக் கணக்குப் போடுகிறார். வேலை எட்டு மாதம் நடக்கிறது. இந்த எட்டு மாதமும் அவர் வேறு எங்கும் கரண்டி பிடிக்க முடியாது. நாளொன்றுக்கு ரூ. 1,000 வீதம் மாதம் 25 நாள் கூலி வேலைக்குப் போயிருந்தால், எட்டு மாதத்தில் அதே ரூ. 2,00,000 அவர் கைக்கு வந்திருக்கும். அப்படியானால் லாபம் எங்கே? அவர் லாபம் என்று எண்ணியது அவருடைய சொந்தக் கூலியே. கவலையும் பொறுப்பும் மட்டுமே உபரியாகக் கிடைத்தவை.

அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்தான். சாமான் விலை நூற்றுக்கு 5 வீதம் ஏறினால் ரூ. 60,000 போயிற்று. சாரத்துக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் வாடகை, உடைந்த செங்கல், கட்டியாய்ப் போன சிமென்டு மூட்டை, மழையால் நின்ற நாட்கள், தவறிய பூச்சை இடித்து மறுபடியும் பூசிய செலவு, இவை ஒன்றும் மனக் கணக்கில் ஏறவில்லை. கூலிக் கண்டிராக்டில் இவையெல்லாம் வீட்டுக்காரர் தலையில் விழுந்தன. ஆகையால் மேஸ்திரியின் கண்ணில் படவில்லை. இப்போது அவர் தலையில் விழுகின்றன. சதுர அடி விலை சொல்லும்போது, அக்கம்பக்கத்தார் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னாரே தவிர, தமக்கு என்ன அடக்கம் என்று பார்த்துச் சொல்லவில்லை. எஸ்டிமேட் போடத் தெரியாத கண்டிராக்டர், மட்டம் பார்க்கத் தெரியாத கொத்தனாருக்குச் சமானம்.

அடக்கத்தைவிடக் கொடியது காலம். கூலி சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி வாரத்துக்குச் சுமார் ரூ. 17,500. வீட்டுக்காரரின் பணமோ அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, தளம் போட்டால் ஒரு தவணை என்று வருகிறது. பாங்கிக் கடன் என்றால் அதுவும் தாமதிக்கிறது. இடையிலுள்ள வாரங்களை எதைக்கொண்டு தாண்டுவது? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு இரண்டாவது வீட்டு வேலையை எடுத்து, அதன் முன்பணத்தைக் கொண்டு முதல் வீட்டின் கூலியைக் கொடுக்கிறார். இரண்டாவதைக் காப்பாற்ற மூன்றாவது. ஒரு வீட்டுக்காரர் பணத்தை நிறுத்தினாலும் மூன்று வீடும் ஒருங்கே நிற்கும். அப்போது ஊர் அவரை மோசக்காரர் என்கிறது. அவர் மோசம் செய்யவில்லை. கணக்குத் தெரியாததால் மோசம் போனார். ஆனால் பணத்தை இழந்த வீட்டுக்காரருக்கும், கூலி வராத சித்தாளுக்கும் இரண்டும் ஒன்றே.

சட்டத்தின் பக்கம் பார்ப்போம். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகள் வாய்ப்பேச்சின் மேல் கட்டப்படுகின்றன. நடுவில் வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றுகிறார், மாடிப்படியைத் திருப்புகிறார், ஓர் அறையைக் கூட்டுகிறார். அதிக வேலைக்கு அதிகப் பணம் என்று மேஸ்திரி நினைக்கிறார். எல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். 1872-ம் வருஷத்து இந்திய கண்டிராக்ட் சட்டத்தின் 70-வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் நியாயமாகச் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பிரிவு இருக்கிறது, ஆனால் வேலை செய்ததையும் அதன் மதிப்பையும் கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டுமே! துண்டுக் காகிதம்கூட இல்லாதவர் எதைக் காட்டுவார்? எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியோர் சொன்னது இவருக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

வரியும் இவ்வாறே. 2017-ல் அமுலுக்கு வந்த சரக்கு சேவை வரித் திட்டத்தில், தனி வீடு ஒன்றுக்குச் சாமானின்றிக் கூலி வேலை மட்டும் செய்து கொடுப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. சாமானையும் சேர்த்து மொத்தமாக எடுத்தவுடன் அந்த விலக்கு இல்லை. வருஷ வரவு ரூ. 20,00,000-ஐத் தாண்டினால் பதிவும் வரியும் உண்டு. மேலே சொன்ன வீடு ஒன்றுடன் வேறு சிறு வேலை ஒன்று சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடுகிறது. கூலிக் கண்டிராக்டிலிருந்து மொத்தக் கண்டிராக்டுக்கு மாறிய அன்றே தாம் ஒரு சட்டத்தின் எல்லையைக் கடந்ததை எத்தனை மேஸ்திரிகள் அறிவர்? நோட்டீஸ் வரும்போது அறிகிறார்கள்.

எல்லாவற்றினும் பெரிது உயிருக்குப் பொறுப்பு. சாரம் சரிந்து ஆள் விழுந்தால், வேலை கொடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவம் 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென 1982-ல் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994-ல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது. 1996-ல் பார்லிமெண்டும் கட்டடத் தொழிலாளருக்காகச் சட்டம் செய்தது. தொழிற்சங்கங்களின் நீண்ட கிளர்ச்சிக்குக் கிடைத்த பலன்கள் இவை. ஆனால் நேற்றுவரை தாமே கூலியாக இருந்த மேஸ்திரி, இன்று தாம் முதலாளி என்பதையும், தம் ஆட்களை வாரியத்தில் பதிவு செய்யச் செய்வதும் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் தம் கடமை என்பதையும் உணர்வதில்லை. ஒரே விபத்து இரண்டு குடும்பங்களை அழிக்கிறது: விழுந்தவன் குடும்பத்தையும், வேலை கொடுத்தவன் குடும்பத்தையும்.

இவ்வளவு இடர் இருக்கும்போது கொத்தனார் கொத்தனாராகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நாம் அதற்கு இணங்க மாட்டோம். 2014-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். மாண்டவரில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்காக அங்கே வந்து வேலை செய்த கூலி ஜனங்கள். மண்ணைத் தோண்டுகிறவனும் கம்பி கட்டுகிறவனும் தன் கண்ணில் பட்ட குற்றத்தை வாய் திறந்து சொல்ல உரிமையில்லாத முறை, கட்டடத்துக்கே ஆபத்து. வேலையை அறிந்தவர் மேலே ஏறினால், மேலேயிருப்பவருக்கு வேலை தெரியும். அதுவே பொது ஜனங்களுக்குச் சிறந்த பாதுகாப்பு. ஆகையால் ஏணியை எடுத்துவிடுவது பரிகாரம் ஆகாது. உடைந்த படிகளைச் செப்பனிடுவதே பரிகாரம்.

ஏணியைப்பற்றிப் பேசும்போது, முதற்படியே மறுக்கப்பட்டவர்களை மறப்பது அநியாயம். தமிழ்நாட்டுக் கட்டடங்களில் கல் சுமக்காத, கலவை தூக்காத பெண் இல்லை. இருபது வயதில் சித்தாளாக வந்த அம்மாள் ஐம்பது வயதிலும் சித்தாள். அவள் கலவை எடுத்துக் கொடுத்த நிமிந்தாள் கொத்தனாராகி, மேஸ்திரியுமாகிவிட்டான். சம வேலைக்குச் சம கூலி என்று 1976-ல் சட்டம் வந்தது. கொத்தனார் வேலையையே அவளுக்குக் கற்பிக்காவிட்டால் அந்தச் சட்டம் அவளுக்கு என்ன செய்யும்? ஜார்க்கண்டில் சுகாதார இயக்கத்தின்போது கிராமப் பெண்கள் கொத்து வேலை கற்றுக் கழிவறைகள் கட்டினார்கள்; ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயரும் வந்தது. ஜார்க்கண்டில் முடிந்தது தமிழ்நாட்டில் முடியாதா?

இனி வழி என்ன என்று பார்ப்போம். தனி ஒருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பலர் சேர்ந்து தாங்கலாம் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மலையாளம் ஜில்லா சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1925-ம் வருஷம், வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற இடத்தில் கூலி வேலைக்காரர் பதினான்கு பேர் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார்கள். வாக்படானந்த குருவின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக மேல் சாதியாரும் மிராசுதார்களும் வேலை கொடுக்க மறுத்தமையால், தாமே வேலை எடுப்பது என்று துணிந்தவர்கள் அவர்கள். கையிலிருந்த முதல் ஆறணா என்று சொல்லப்படுகிறது. அந்தச் சங்கம் சாலை போட்டது, பாலம் கட்டியது, இன்று கேரளத்தில் மிகப் பெரிய வேலைகளை எடுத்து நடத்தும் ஸ்தாபனமாக விளங்குகிறது. 2025-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது. அங்கே வேலை செய்கிறவர்களே அங்கத்தினர், அங்கத்தினரே எஜமானர். ஆறணாவுடன் தொடங்கியவர்களுக்கு ஜாமீன் எது? ஒருவர் மேல் ஒருவருக்கிருந்த நம்பிக்கையும், சொன்ன நாளில் சொன்ன தரத்தில் வேலையை முடிக்கும் நாணயமுமே.

கூட்டுறவு என்ற பெயரே மந்திரம் ஆகாது. தொழிலாளர் சங்கம் என்ற பலகையை முன்னால் தொங்கவிட்டு, பின்னால் பெரிய கண்டிராக்டர் பணம் போட்டு லாபம் எடுக்கும் பினாமி வேலைகளும் தேசத்தில் நடந்திருக்கின்றன. கணக்குப் புஸ்தகம் அங்கத்தினர் எல்லோருக்கும் திறந்திருக்கும் சங்கமே சங்கம். மற்றது வேஷம்.

சர்க்கார் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, சிறு பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கிராமச் சாலை, சாக்கடை முதலிய வேலைகளை ஒன்றாகக் கட்டிப் பெரிய டெண்டர் ஆக்காமல், தனித்தனியே விட வேண்டும். இரண்டாவது, துண்டு வேலை எடுத்துச் செய்தவரின் பெயரையும் வேலையையும் இலாகா பதிவு செய்து, அவருக்கு அனுபவச் சான்று கொடுக்க வேண்டும். மூன்றாவது, விலைப் பட்டியல், ஒப்பந்த நிபந்தனை, அளவுப் புஸ்தகம் யாவும் எளிய தமிழில் கிடைக்க வேண்டும். ஒருவர் கையெழுத்திடும் உடன்படிக்கை அவருக்குப் புரிய வேண்டும் என்பது சலுகை அன்று, நியாயத்தின் அரிச்சுவடி.

நான்காவது, பாக்கிப் பணம். சிறு தொழில்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. ஆனால் கட்டடக் கண்டிராக்டுகள் இச்சட்டத்துள் அடங்கா என்று சில ஹைகோர்ட்டுகள் அபிப்பிராயப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் தருமானால், வாசகத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் கடமை. வாரந்தோறும் கூலி கொடுக்கிறவருக்கு மாதக் கணக்கில் பில்லை நிறுத்தி வைப்பது, அவரைக் கந்து வட்டிக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவதாகும். கூட்டுறவு பாங்கிகளும், வேலை உத்தரவையும் நிறைவேறிய பில்லையும் ஈடாகக் கொண்டு குறுகிய காலக் கடன் கொடுக்க முன்வர வேண்டும்.

ஐந்தாவது, கல்வி. 2015 முதல் திறன் பயிற்சித் திட்டங்களின்கீழ், முன்னமே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நல்லதே. ஆனால் இருபது வருஷம் சுவர் எழுப்பியவருக்கு, உமக்குச் சுவர் எழுப்பத் தெரியும் என்று காகிதம் கொடுப்பதால் அவர் ஒரு படியும் உயரவில்லை. தெரிந்ததற்குச் சான்று போதாது. தெரியாததற்குப் பாடம் வேண்டும். பிளான் படிப்பது, அளவெடுத்து எஸ்டிமேட் போடுவது, வரவு செலவு எழுதுவது, உடன்படிக்கை எழுதுவது, வரியும் தொழிலாளர் சட்டமும் ஆகிய இவற்றைத் தொழிற்பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாலை வகுப்பாக, தமிழில், ஆறு மாதத்தில் கற்பிக்கலாம். கட்டடமும் உபாத்தியாயர்களும் இருக்கிறார்கள், மனந்தான் வேண்டும்.

வீடு கட்டும் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. அடக்கத்துக்குக் கீழே விலை சொல்பவரிடம் வேலையை ஒப்பித்துவிட்டுச் சாமர்த்தியம் செய்ததாக மகிழ வேண்டாம். அந்தக் குறைவு சிமென்டிலோ கம்பியிலோ கூலிக்காரன் வயிற்றிலோ போய் முடியும். எழுதிப் பேசுங்கள், மாற்றம் செய்தால் அதையும் எழுதுங்கள், வேலை முடிந்த அன்றே தவணையைக் கொடுங்கள்.

கொத்தனார்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. அவசரப்பட்டு ஏறாதீர்கள், ஆனால் ஏறாமலும் இராதீர்கள். முதலில் ஒரு சிறு வேலையை, சுற்றுச்சுவரோ ஒற்றை அறையோ, சாமானுடன் எடுத்து, ஒரு பைசாவும் விடாமல் கணக்கு எழுதிப் பாருங்கள். உங்கள் கூலியையும் செலவில் சேருங்கள். ஒரு வீட்டுப் பணத்தை மறு வீட்டில் போடாதீர்கள். மூன்று மாதக் கூலிக்குரிய தொகை கையிருப்பில் இல்லாமல் பெரிய வேலையை ஏற்காதீர்கள். தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரை நடத்தும்போது, உங்களைப் பெரிய கண்டிராக்டர் எப்படி நடத்தினார் என்பதை நினைவில் வையுங்கள். பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து உங்கள்கீழ் கலவை குழைக்கும் வாலிபன், முப்பது வருஷத்துக்கு முன் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறான். அவன் கூலியைப் பிடித்துத் தம் லாபத்தைக் காட்டுகிறவர் உயர்ந்தவர் அல்லர்; இடம் மாறியவர் மட்டுமே.

கடைசியாக, பொதுக் காரியங்களில் ஈடுபட்ட ஊழியர்களை வேண்டுகிறோம். மேடையில் தொழிலாளர் உரிமையைப் பேசுவது அவசியம். அதோடு, வாரத்தில் இரண்டு மாலை உங்கள் தெருவிலுள்ள கொத்தனார்களைக் கூட்டி வைத்து, ஓர் எஸ்டிமேட் போடவும் ஓர் உடன்படிக்கை படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். வக்கீல்கள் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரட்டும். கணக்கர்கள் பேரேடு எழுதக் கற்பிக்கட்டும். பென்ஷன் பெற்ற எஞ்சினீயர்கள் அளவுப் புஸ்தகத்தை விளக்கட்டும். ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கம்; பத்து வருஷம் நாணயமாக நடந்தால் ஒரு ஸ்தாபனம். கூலி உயர வேண்டும் என்று கேட்பது நியாயம். கூலிக்காரரே உயர வேண்டும் என்று கேட்பது அதனினும் நியாயம். அந்தக் கோரிக்கையைச் சர்க்காரிடம் வைப்பதற்கு முன்பே, நம்மால் ஆன அளவு நாமே நிறைவேற்றத் தொடங்கலாம்.